பிரிக்கிற கை

சட்டையில் பஞ்சுப் பிசிர் ஒட்டியபடியே பள்ளிக்கூடம் போனவர்கள் நம்மில் எத்தனை பேர் இருப்போம்? "பனியன் கம்பெனிப் புள்ள, நீ எந்திரி" என்று வாத்தியார் சொன்னதும் எழுந்து நிற்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். இன்றைக்கும் நாலு பேர் நடுவே எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் படித்தால் போதும். நூலைப் பிரித்துப் பழகிய விரல் நமக்குத்தான் இருக்கிறது.

திருப்பூரில் அப்போது எங்களுக்கு வீடும் கம்பெனியும் ஒன்றுதான். முன்பக்கம் மூன்று மெஷின், பின்பக்கம் சமையல், நடுவில் நாங்கள். மெஷினிலிருந்து குழாய் போலப் பின்னி இறங்கும் துணியில் ஊசி முறிந்த இடத்தில் கோடு விழும், சில சமயம் ஓட்டை விழும். டேமேஜ் என்று அதை ஒதுக்குவார்கள். ஆனால் எங்கள் வீட்டில் குப்பை என்று எதுவும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டேமேஜ் துண்டுகள் எனக்காகக் குவிந்து கிடக்கும். கடைசியாகப் பின்னி முடிந்த விளிம்பைக் கண்டுபிடித்து நுனியை இழுத்தால் சர்ரென்று வரிசை வரிசையாக அவிழ்ந்து வரும். ஆரம்பித்த விளிம்பில் கை வைத்தால் சிக்கிக்கொள்ளும். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே எது எந்த விளிம்பு என்று தெரியும். இழுக்கும்போது விரலில் ஒரு கூச்சம் ஓடும். சுண்டெலி ஓடுகிற மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

"எம்புள்ள பிரிச்சா ஒரு எடத்துல அறுபடாதுங்க" என்று வருகிறவர்களிடம் அப்பா சொல்வார். எழுந்து நிற்கக் கூசுகிற பிள்ளையைப் பற்றி யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

அத்தை எங்களோடுதான் இருந்தாள். அப்பாவுக்குத் தங்கை. மாமா பட்டாளத்தில் இருந்தார். குன்னூர்ப் பக்கம் வெலிங்டனில் குடியிருந்தார்கள். மாமா செத்ததும், இருபத்தாறு வயதில், வெள்ளைச் சேலையும் ஒரு தகரப் பெட்டியுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெட்டியில் துணியைவிடக் கம்பளி நூல்தான் அதிகம். பட்டாளக் குடியிருப்பில் குளிருக்காக எல்லாப் பெண்களும் இரண்டு ஊசி வைத்துப் பின்னுவார்களாம். எந்த ஊர்க்காரி எப்படிப் பின்னுகிறாள் என்று பார்த்துப் பார்த்து அத்தை கற்றிருக்கிறாள். கற்றதோடு நிற்கவில்லை. தானாகவே புதுசு புதுசாகக் கண்டுபிடிப்பாள். சுவரில் எறும்பு வரிசை போனால் சமையலை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மறுநாள் அது கம்பளியில் வந்துவிடும். கருவேப்பிலை இணுக்கு, சிவன்மலைப் படி, மழைத் தண்ணீர் வடிந்த மண், எல்லாமே அவளுக்குப் பின்னல் கண்ணிகளாகத்தான் தெரிந்தன.

வெயில் கொளுத்துகிற ஊரில் கம்பளி பின்னுகிறவளைப் பார்த்து மெஷின் ஓட்டுகிறவர்கள் சிரிப்பார்கள். "ஏனுங்கம்மிணி, ஆட்டுக்குட்டிக்கு ரோமம் பத்தலீங்களா?" என்பார் மூத்த மெஷின்காரர். "உங்க மண்டைக்குத்தானுங்கண்ணா, அங்கதான் ஒண்ணையுங் காணோம்" என்பாள் அத்தை. அவள் வாய் அப்படி. கத்தரிக்கோல் மாதிரி.

அவளிடம் ஒரு பட்டை இருந்தது. ஒரு சாண் அகலம். நீளம் எங்கள் வீட்டு நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரும். தான் கற்றதையும் தானே உண்டாக்கியதையும் ஒவ்வொன்றாக நாலு விரல்கடை அளவு அதில் பின்னி வைத்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவாள். "கை மறந்துரும். இது மறக்காது" என்பாள். எதையாவது திரும்பப் பின்ன வேண்டுமென்றால் பட்டையில் அந்த இடத்தைத் தேடி, கண்ணை மூடி விரலால் தடவி, பிறகுதான் ஊசியை எடுப்பாள். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நிறம். இந்தப் பச்சை ஒரு சுபேதார் சம்சாரம் கொடுத்தது, இந்த அரக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே வருவாள். நாப்தலின் வாசமும் ஆட்டு வாசமும் கலந்து அடிக்கும்.

பட்டையின் கடைசி முனையில் ஒரு முடிச்சு இருந்தது. உள்பக்கமாக மடித்து, வெளியே தெரியாமல் போட்டிருந்தாள். எனக்கு மட்டும் காட்டினாள். "உன்ற கை சும்மா இருக்காது, அதனால சொல்றேன். இத மட்டும் தொட்டறாத கண்ணு." புதிதாக ஏதாவது சேர்க்கும்போது முடிச்சை அவிழ்த்து, அங்கிருந்து பின்னிப் போய் மறுபடி முடிவாள்.

ஒருமுறை என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எந்த ஊர் போனாலும் அங்கே பின்னுகிறவர்களைத் தேடித்தான் போவாள். ஒரு ஆஸ்பத்திரி வாசலில் அந்த அரக்கு நூல் கொடுத்த நர்ஸம்மாவைப் பார்த்தோம். இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஊசியை எடுத்ததும் என்னை மறந்துவிட்டார்கள். பேச்சும் குறைவுதான். "இங்க ஒண்ணு விட்டுத் தாண்டுங்க", "ஓஹோ", அவ்வளவுதான்.

அந்த நாட்களில் நான் வாசல் கூட்டுகிற சீமாற்றுக் குச்சி இரண்டைத் தேய்த்து வழவழப்பாக்கி, கோழிக்கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ரகசியமாகப் பின்னிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வரிசை வந்திருந்தது. அத்தைக்குக் காட்டலாமென்று பாவாடை மடியில் செருகி எடுத்துப் போயிருந்தேன். எப்போது எடுப்பது என்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸம்மா என்னைப் பார்த்து, "மருமகளுக்கும் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டார்.

அத்தை தலையைத் தூக்காமலே சிரித்தாள். "இவளுக்குங்களா? இவ கை பிரிக்கிற கைங்க. எங்க அண்ணன் ஊட்டு நாய்க்குட்டி மாதிரி, எதக் குடுத்தாலும் பிச்சுப் போடுவா. பின்னற கை வேறைங்க."

நர்ஸம்மாவும் சிரித்தார். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்தவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மடிக்குள் குச்சி குத்திக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை.

அன்றைக்கே ரயிலடிக்குப் போகும் வழியில், நடைபாதையில் ஒரு திபெத்துக்காரம்மா சுவெட்டர் பரப்பி உட்கார்ந்திருந்தாள். வியாபாரம் நடக்காத நேரம், பின்னிக்கொண்டிருந்தாள். அத்தை போய் எதிரே மண்டியிட்டாள். இவளுக்கு அந்தப் பேச்சு தெரியாது, அவளுக்கு இந்தப் பேச்சு தெரியாது. கொஞ்ச நேரம் விரலையே பார்த்தார்கள். பிறகு அந்த அம்மா தன் ஊசியை நூலோடு அத்தை கையில் கொடுத்தாள். அத்தை ஒரு வரிசை பின்னினாள். தப்பு. அந்த அம்மா உச்சுக்கொட்டி அவிழ்த்தாள். மறுபடி கொடுத்தாள். நாலாவது தடவை சரியாக வந்தது. மலை மேல் மலை ஏறுகிற மாதிரி ஒரு வடிவம். அந்த அம்மா அத்தையின் கன்னத்தைக் கிள்ளினாள், குழந்தையைக் கிள்ளுவது போல. ரயிலைத் தவறவிட்டோம். அடுத்த ரயிலில் திருப்பூர் வருவதற்குள் அத்தை பையிலிருந்த பட்டையின் முடிச்சை அவிழ்த்து, அந்த மலையைச் சேர்த்து, மறுபடி முடிந்துவிட்டாள். நான் சீமாற்றுக் குச்சிகளை ரயில் ஜன்னல் வழியாகப் போட்டேன். அவள் பார்க்கவில்லை.

நூல் வியாபாரம் செய்கிற பாய் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருவார். மூட்டை கட்டி வந்த மிச்சக் கம்பளியெல்லாம் அத்தைக்குக் கொண்டு வந்து கொடுப்பவர் அவர்தான். மார்கழிக் கடைசியில் ஒருநாள் வந்து அப்பாவிடம் சொன்னார்: "குன்னூர்ல கம்பளித் துணி செஞ்சு விக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. புதுசு புதுசா டிசைன் போட்டுக் குடுக்க ஆள் தேடறாங்க. இருக்க ரூமும் உண்டு. நம்ம தங்கச்சியப் பத்திச் சொன்னேன். தைப்பூசம் கழிச்சுச் சாம்பிளோட வரச் சொல்லுன்னாங்க. சாம்பிளப் பாத்துத்தான் முடிவுன்னாங்க."

அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "அம்மிணி போறேன்னா போகட்டும். நானென்ன கட்டியா வெச்சிருக்கேன்?" என்றார். பாய் முன்னால் வேறென்ன சொல்வார். பாய் போனதும், "பொட்டப்புள்ள தனியாப் போயி மலை மேல ஒக்காந்தா ஊர் என்ன பேசும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மெஷின்காரர்கள், பனியனுக்குக் கை தைக்கிறவர்கள், நாங்கள் என்று தினமும் பதினாலு பேருக்கு எங்கள் வீட்டில் சோறு. அத்தை வருவதற்கு முந்தைய வருஷம் அம்மா ஒருத்தியாக அதை ஆக்கிப் போட்டாள். அரிசி மூட்டையை இழுத்த அன்று வயிற்றிலிருந்த பிள்ளை போய்விட்டது. அத்தை வந்த பிறகுதான் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டாள். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

அத்தை பட்டையைத் துவைத்து, நிழலில் காயவைத்து, சுருட்டி, மஞ்சள் துணியில் வைத்து மூட்டையாகக் கட்டினாள். முருகனுக்குக் காசு முடிந்து அந்த மூட்டையின் முடிச்சிலேயே சேர்த்துக் கட்டினாள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வேண்டிக்கொண்டு முடிந்ததைக் காரியம் ஆகிறவரை அவிழ்க்கக்கூடாது. "இனி குன்னூர்ல போய்த்தான் அவுக்கோணும்" என்று சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். பூசத்தன்று விடியக்காலம் சிவன்மலைத் தேருக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் மெஷின் ஓடவில்லை. வீடே அமைதியாக இருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டாள். மஞ்சள் மூட்டை அவள் மடியில் இருந்தது.

"கண்ணு, இத அவு."

"சாமிக்கு முடிஞ்சதுங்கம்மா."

"பெரியவீங்க அவுத்தாத்தான் சாமி குத்தம். வயசுக்கு வராத புள்ளைக்குக் குத்தம் இல்ல."

நான் அவிழ்த்தேன். அம்மா பட்டையை விரித்து, ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அது ஆரம்பித்த முனை. இரண்டு கண்ணி வந்தது, சிக்கிக்கொண்டது. மறுபடி இழுத்தாள். இறுகியது. அம்மாவுக்கு முகம் வியர்த்தது. கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்துவிட்டாள். நூலை வெட்ட எங்கள் வீட்டில் யாருக்கும் கை வராது.

"எங்க புடிச்சு இழுக்கறது இத?"

அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. நான் தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். அம்மா திரும்பச் சுருட்டி வைத்திருப்பாள். ஒரே ஒரு வார்த்தை. இத்தனை வருஷமாக அந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன். அம்மா சொன்னதால் செய்தேன், குழந்தைதானே என்று நீங்கள் சொல்லலாம். இல்லை. வேப்பமரத்தடியில் சிரித்த மூன்று வாயும் எனக்கு அப்போது ஞாபகம் இருந்தது.

"எனக்குத் தெரியுமுங்கம்மா" என்றேன்.

உள்பக்கம் விரலை விட்டு முடிச்சைத் தேடி எடுத்து அவிழ்த்தேன். முதலில் திபெத்துக்காரம்மாவின் மலை போனது. கம்பளி பருத்தி மாதிரி இல்லை, சத்தம் வராது. மெத்தென்று, மூச்சு விடுகிற மாதிரி வரும். அம்மா எதிரே உட்கார்ந்து உருண்டையாகச் சுற்றினாள். எறும்பு வரிசை போனது. கருவேப்பிலை போனது. பச்சை போய் அரக்கு வந்தது. கஷ்டமான பின்னல் வந்த இடங்களில் நிறுத்தி, நகத்தால் மெதுவாக எடுத்துவிட்டு, மறுபடி இழுத்தேன். அறுந்துவிடக்கூடாது என்று அத்தனை கவனம். நான் அதுவரை பிரித்ததிலேயே அதுதான் சுத்தமான வேலை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுத முடியவில்லை.

பன்னிரண்டு உருண்டை வந்தது. அம்மா எல்லாவற்றையும் ஒரு பழைய தலையணை உறைக்குள் நீளமாகத் திணித்து, மஞ்சள் துணியில் வைத்தாள். நான் முடிச்சுப் போட்டேன். காசையும் வைத்தேன்.

"நூல் எங்கயும் போகல. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

சாயந்திரம் அத்தை வந்து எங்கள் இரண்டு பேர் நெற்றியிலும் விபூதி பூசினாள்.

தனியாகப் பெண்பிள்ளையை அனுப்பக்கூடாது என்று, துணைக்கு என்னை அனுப்பினார் அப்பா. மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயில் ஏறினோம். மூட்டை என் மடியில் இருந்தது. அத்தை கையில் கொடுத்துவிடாதே என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். வழியெல்லாம் அத்தை பேசிக்கொண்டே வந்தாள். அவளை அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. ரூம் கிடைத்தால் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும், பள்ளிக்கூட லீவுக்கு நான் வந்தால் எங்கே படுப்பேன், அங்கே குளிருக்கு எனக்கு என்ன நிறத்தில் சுவெட்டர். பாறையில் தண்ணீர் வழிந்ததைக் காட்டி, "இதப் பின்னோணும் பாரு" என்றாள்.

"கை வலிக்கும், மூட்டைய இப்படிக் குடு கண்ணு."

"வேண்டாங்கத்தை. நானே வெச்சுக்கறேன்."

என் தலையைத் தடவினாள். "பாரு, இதுக்குள்ள இத்தன பாசமா" என்று எதிரே இருந்தவர்களிடம் சொன்னாள்.

கடைக்கார அம்மா ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரம்மா. கவுன் போட்டிருந்தாள், தமிழ் நன்றாகப் பேசினாள். அறையில் கணப்பு எரிந்தது. இரண்டு வயசான அம்மாக்கள் நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்கள், கை நிற்கவில்லை.

"உங்களப் பத்தி பாய் நெறையச் சொல்லியிருக்கார். காட்டுங்க பார்ப்போம்."

அத்தை மூட்டையை வாங்கி மேஜை மேல் வைத்தாள். காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முடிச்சை அவிழ்த்தாள். தலையணை உறையைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு அதைக் கவிழ்த்தாள்.

உருண்டைகள் மேஜை மேல் உருண்டன. ஒன்று கீழே விழுந்து, அந்த அம்மாக்களில் ஒருத்தியின் காலடிக்குப் போனது. அவள் குனிந்து எடுத்தாள். நூலைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாள். நெளிநெளியாக இருந்தது.

"ஐயோ, இது பிரிச்ச நூலாச்சே" என்றாள்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாம்பிள் எங்கம்மா?" என்றாள் கடைக்காரம்மா.

"இதுதானுங்க" என்றாள் அத்தை. பிறகு, "ரெண்டு ஊசி குடுங்க" என்றாள்.

கொடுத்தார்கள். கருவேப்பிலை பின்னினாள். கடைக்காரம்மா பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு. ஆனா இலை போட்ட டிசைன் எங்ககிட்ட நாலு இருக்கே" என்றாள். அத்தை அதை எடுத்துவிட்டு, திபெத்துக்காரம்மாவின் மலையைத் தொடங்கினாள். மூன்றாவது வரிசையில் நின்றாள். மேஜை மேல் விரலை வைத்துத் தடவினாள், பட்டையைத் தடவுகிற மாதிரி. அங்கே மரம்தான் இருந்தது. அவிழ்த்தாள். மறுபடி தொடங்கினாள். மூன்றாவது வரிசை. அவிழ்த்தாள். பின்னிக்கொண்டிருந்த அம்மாக்களின் கை அப்போதுதான் நின்றது.

கடைக்காரம்மா எங்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தாள். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றாள். நான் பிஸ்கட் இரண்டையும் தின்றேன்.

இறங்குகிற ரயிலில் அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மூட்டை அவள் மடியில் இருந்தது. கல்லாறு தாண்டிய பிறகு கேட்டாள்.

"எந்தப் பக்கமிருந்து பிரிச்சே?"

பொய் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. "முடிச்சுப் பக்கமிருந்துங்கத்தை."

ஒரு உருண்டையை எடுத்து நூலை விரலால் ஓட்டிப் பார்த்தாள்.

"ஒரு எடத்துலயும் அறுபடலியே."

"இல்லீங்கத்தை."

"நல்லாப் பிரிச்சிருக்கே கண்ணு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. டேமேஜ் துண்டைப் பார்த்து அப்பா சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

வீட்டில், "அவிங்களுக்குப் பிடிக்கலீங்க்ணா" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள். அம்மா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தாள். பாய் வந்து கேட்டபோது, அப்பா, "நம்ம வேலை அந்த ஊருக்கு ஆகாதுங்க பாய்" என்றார். பாய் அத்தையைப் பார்த்தார். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவர் மிச்சக் கம்பளி கொண்டு வரவில்லை. அத்தையின் ஊசிகளில் ஒன்றை அம்மா பாவாடைக்கு நாடா கோக்க வைத்துக்கொண்டாள். இன்னொன்று எங்கே போனதென்று தெரியவில்லை.

அத்தை என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. தினமும் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், டேமேஜ் துண்டுகளைத் தானே எடுத்து வந்து என் முன்னால் வைப்பாள். "பிரி கண்ணு" என்பாள். எதிரே உட்கார்ந்து நான் பிரித்து முடிக்கும்வரை என் கையையே பார்ப்பாள். மழையானாலும் காய்ச்சலானாலும் விடமாட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை, பத்து வருஷத்துக்கு மேல், ஒரு நாள் தவறவில்லை. என்னைச் சிரத்தையாக வளர்த்தாள் என்று ஊரில் சொன்னார்கள்.

குண்டடத்துக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். வண்டி ஏறும்போது அத்தை ஒரு மஞ்சள் துணி மூட்டையைக் கொடுத்தாள். தொட்டதுமே தெரிந்துவிட்டது. பன்னிரண்டும் அப்படியே இருந்தன. அவள் ஒன்றில்கூட ஒரு கண்ணி பின்னவில்லை.

"எதுனா பின்னிக்கோ" என்றாள்.

எனக்குப் பின்னத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். அதன் பிறகும் பதினாலு பேருக்கும் இருபது பேருக்கும் ஆக்கிப் போட்டே அவள் போய்ச் சேர்ந்தாள். நான் எழவுக்குப் போனேன், அழுதேன், எல்லோரையும்போல.

போன மாசம் பரணைச் சுத்தம் செய்யும்போது என் மருமகள் அந்த மூட்டையை எடுத்தாள். நாலைந்து உருண்டையைப் பூச்சி தின்றிருந்தது. மீதி நன்றாகத்தான் இருந்தது. அவளும் பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளை. நூலை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இத்தனை வருஷம் கழித்தும் நெளிவு போகவில்லை.

"பிரிச்ச நூல் மாதிரி இருக்குதுங்களே அத்தை. எத்தன பெரிய வேலையா இருந்திருக்கும். யாருங்க இதப் பிரிச்சது?"

"எங்கம்மா" என்றேன்.

அம்மா செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. மருமகள் ஐயோ பாவமென்று உச்சுக்கொட்டி, உருண்டைகளை மறுபடி மஞ்சள் துணியில் வைத்தாள். முடிச்சு நான்தான் போட்டேன்.